பிடுங்கிய கட்டைகள்

கை தூக்கியவர்களில் ஜலஜாவும் இருந்தாள். மற்றவர்கள் தூக்குவார்கள் என்று பவுனுவுக்குத் தெரியும். பாலசுப்ரமணியம் தூக்குவான், அவனைப் பார்த்து ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் தூக்குவார்கள், அவர்களைப் பார்த்து மிச்சம் பேர் தூக்குவார்கள். ஆனால் ஜலஜா அவள் பக்கத்திலேயே, தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தவள். கையைத் தூக்கும்போது அவளுடைய ஸ்வெட்டர் பவுனுவின் கன்னத்தில் உரசியது.

"மெஜாரிட்டி," என்றான் பாலு. மின்சாரச் சேமிப்புக் கமிட்டியின் செயலாளர் அவன்தான். "லைப்ரரி லைட் இன்னியோட க்ளோஸ். பவுனு, லைப்ரரி ஃப்யூஸ் கட்டையைக் குடுத்துடு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? இப்பதானே ஓட்டுப் போட்டோம்."

"நான் எங்க படிக்கிறது?"

பாலு தலையைச் சொறிந்தான். கெட்டவன் இல்லை. அதுதான் அவனிடம் இருந்த தொல்லை. "எங்க வீட்டுக்கு வாயேன். அம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்க. எப்படியும் சாயங்காலம் உங்கம்மா பாத்திரம் தேய்க்க வர்ற நேரம்தானே."

"உங்க வீட்ல எந்த ரூம்ல?"

"ரூம்னா... பால்கனியில லைட் இருக்கு."

டிசம்பர் மாதம். தில்லியில் பால்கனியில் காயப்போட்ட துணி விறைத்துக்கொண்டு நிற்கிற மாதம். பின் பெஞ்சில் யாரோ ஒருவன் சிரித்தான். பவுனு பாவாடைப் பையிலிருந்து வெள்ளைப் பீங்கான் கட்டையை எடுத்து மேஜைமேல் எறிந்தாள். ஒரு மூலை தெறித்து விழுந்தது.

"ஏய், ஸ்கூல் பிராப்பர்ட்டி!" என்றான் பாலு.

அந்தக் கட்டை பள்ளிக்கூடத்தின் சொத்துதான். ஆனால் அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளும் வழக்கம் பவுனுவின் சொத்து. அவள் கண்டுபிடித்தது.

ஜூலையில் பள்ளி திறந்தபோது ஊரெங்கும் மின்வெட்டு. மண்ணெண்ணெய்க்கு வரிசை, டீசலுக்கு வரிசை. ஒரு வியாபாரிகள் சங்கம் பள்ளிகளுக்குள் மின்சாரச் சேமிப்புப் போட்டி வைத்தது. போன வருஷத்தைவிட யார் அதிகம் மிச்சம் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு ஷீல்டு. பிரின்சிபால் இராஜமாணிக்கம் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் இதைச் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இன்னொன்றும் சொன்னார். "பகலில் நீங்கள் மிச்சம் பிடிக்கும் யூனிட்டை நான் சாயங்காலம் திருப்பித் தருகிறேன். வீட்டில் விளக்கு இல்லாத பிள்ளைகளுக்காக லைப்ரரி இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும். இது என் வாக்கு."

பிள்ளைகள் கை தட்டினார்கள். பவுனு தட்டவில்லை. அவள் மனசுக்குள் அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டாள், பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல.

அவள் வீடு நாலா என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டிய ஜுக்கியில் இருந்தது. விழுப்புரம் பக்கத்திலிருந்து சாலை போட வந்தவர்கள் சாக்கும் தகரமும் வைத்துக் கட்டிய குடிசைகள். கரண்டு கிடையாது. பையன்கள் ரிங் ரோடு விளக்குக் கம்பத்தடியில் உட்கார்ந்து படிப்பார்கள். பெண் உட்கார்ந்தால் கார்கள் வேகம் குறைத்துப் போகும். ஒருநாள் ஒன்று நின்றேவிட்டது. அதற்குப் பிறகு பவுனு கம்பத்தடிக்குப் போகவில்லை. பகலில் படிக்கலாமே என்றால், பள்ளி விட்டதும் தண்ணீர் பிடிக்க வேண்டும், சமைக்க வேண்டும், அம்மாவோடு கிட்வாய் நகரில் இரண்டு வீட்டுக்குப் போக வேண்டும். மிச்சமிருப்பது இருட்டு. முதல் பருவத் தேர்வில் கணக்கில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கியிருந்தாள். மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை.

அம்மா சந்திரம்மாள் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை. "பன்னெண்டாம் நம்பர் வூட்டம்மா கேட்டுக்கினே இருக்குது. ராப்பகலா அங்கியே தங்கி வேல செய்ய ஒரு பொண்ணு வேணுமாம். பாசானின்னா படி. பெயிலானியோ, மக்யா நாளே அந்த வூடுதான். நான் ஒருத்தி எத்தினி வூட்டு ஏனத்தத் தேய்க்கிறது?"

ஆகவே மின்சாரச் சேமிப்பு மற்றவர்களுக்கு ஷீல்டு, பவுனுவுக்குப் பன்னிரண்டாம் நம்பர் வீட்டிலிருந்து தப்பிக்கும் வழி.

முதல் மாதம் கமிட்டி சார்ட் ஒட்டியது. 'வெளியே செல்லும்போது விளக்கை அணையுங்கள்' என்று மூன்று மொழியில் எழுதியது. யாரும் அணைக்கவில்லை. மானிட்டர் அணைத்தால் வாத்தியார் போட்டார், வாத்தியார் அணைத்தால் கடைசி பெஞ்சு போட்டது. விளையாட்டு நேரத்தில் காலி வகுப்புகளில் மின்விசிறிகள் பெஞ்சுகளுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தன. பவுனுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சுவிட்சை யார் வேணா போடுவாங்க," என்றாள் கமிட்டியில். "கட்டையையே பிடுங்கிடுவோம்."

மாடிப்படிக்குக் கீழே மெயின் போர்டு அறை. ஒவ்வொரு வகுப்புக்கும் போகிற கரண்டு அங்கே ஒரு பீங்கான் ஃப்யூஸ் கட்டை வழியாகத்தான் போகும். கட்டையைப் பிடுங்கிவிட்டால் அந்த வகுப்பில் எத்தனை சுவிட்சைத் தட்டினாலும் ஒன்றும் எரியாது. வகுப்புக்கு ஒரு ஆள். வகுப்பு வெளியே போகும்போது அவன் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். திரும்பி வந்தால் அவனே செருக வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது.

பத்து நாளில் அது பள்ளிக்கூடத்தின் பைத்தியம் ஆகிவிட்டது. கட்டைக்காரன் என்றால் ஒரு கெத்து. சிலர் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். "என்னடி பவுனு, தாலி கட்டிக்கிட்டே, மாப்பிள்ளை யாரு?" என்பாள் ஜலஜா. "மீட்டர்" என்பாள் பவுனு. இருவரும் சிரிப்பார்கள். அப்போதெல்லாம் சிரித்தார்கள்.

வாத்தியார்களுக்கு ஆத்திரம். ஹிந்தி மாஸ்டர் ஒருநாள், "கியா ஹம் குத்தே ஹைன்?", நாங்கள் என்ன நாய்களா, என்று கத்தினார். கட்டைக்காரன் கழிப்பறையில் இருந்தான். அவன் வரும்வரை அவர் வியர்வையில் நனைந்துகொண்டே பாடம் நடத்தினார். அதன்பிறகு சுவிட்சைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. கட்டைதான் இல்லையே, சுவிட்சை அணைத்தால் என்ன, அணைக்காவிட்டால் என்ன? ஆகஸ்டில் போட்ட சுவிட்சுகள் போட்டபடியே கிடந்தன.

நவம்பரில் பிரின்சிபால் தன் அறையில் ஹீட்டரைப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போனார். காலி நாற்காலிக்கு ஹீட்டர் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. பவுனு நேரே போய் அந்த அறையின் கட்டையைப் பிடுங்கினாள். விஷயம் பரவி, பள்ளியே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அன்று சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். இராஜமாணிக்கம் அவர்கள் எதிரில் பவுனுவைக் கூப்பிட்டு, முதுகில் தட்டி, "என்னையே விடவில்லை பாருங்கள்!" என்று சிரித்தார். ஆரஞ்சு மிட்டாய் ஒன்று கொடுத்தார். அவர்கள் போனதும், "இனிமேல் என் ரூம் பக்கம் வராதேம்மா" என்றார்.

லைப்ரரியும் திறந்தது. அதை மறுக்க முடியாது. அக்டோபரிலிருந்து சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நாலாவைத் தாண்டி வந்தார்கள். நீளமான மேஜைகள், தலைக்குமேல் ட்யூப் லைட். காதில் கொசு ரீங்காரமிட, பவுனு கணக்குப் போட்டாள். தப்பாகப் போட்டாள், அடித்தாள், மறுபடி போட்டாள். நேரம் இருந்தால் தப்புப் போடலாம், அதுதான் படிப்பு என்று அங்கே உட்கார்ந்துதான் அவளுக்குப் புரிந்தது. டிசம்பர் தேர்வில் கணக்கில் ஐம்பதைத் தாண்டினாள்.

அந்த வாரம்தான் ஷீல்டு இவர்களுக்கு என்று செய்தி வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. ஷீல்டு வாங்கிய பள்ளிகளுக்குள் இரண்டாம் சுற்று. விழா நடக்கிற நாளிலிருந்து மார்ச் முடியும்வரை. அதில் ஜெயித்தால் பெரிய கோப்பை.

இராஜமாணிக்கம் லைப்ரரியை மூடு என்று சொல்லவில்லை. அவ்வளவு முட்டாள் இல்லை. கமிட்டியைக் கூப்பிட்டார். "சாயங்காலம் லைப்ரரியில் எரிகிற கரண்டு ஒன்றுதான் நம்மைப் பின்னால் இழுக்கிறது. ஆனால் கமிட்டி உங்களுடையது. நீங்களே முடிவு செய்யுங்கள்."

அவர்கள் முடிவு செய்தார்கள். எல்லோர் வீட்டிலும் விளக்கு இருந்தது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஜலஜா பின்னாலேயே ஓடிவந்தாள். "பவுனு, நில்லுடி. எல்லாரும் தூக்கினாங்க, நான் மட்டும் எப்படித் தூக்காம இருக்கிறது? சச், நெஜமா எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு."

"ஒரு மாதிரி இருந்தும் தூக்கினே."

"என் ஒருத்தி ஓட்டால என்ன ஆயிடப்போவுது?"

"ரெண்டாயிருக்கும்," என்றாள் பவுனு. அதற்குமேல் அவளோடு பேசவில்லை.

விழா குளிர்கால விடுமுறைக்கு முந்தின நாள். ஹாலில் காகிதத் தோரணம், சிறப்பு விருந்தினர், போட்டோக்காரர். காலையிலேயே சங்கத்து ஆள் வந்து மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். இரண்டாம் சுற்று தொடங்கிவிட்டது.

பிரின்சிபாலின் யோசனைப்படி எல்லாக் கட்டைக்காரர்களும் வரிசையாக மேடைக்கு வந்து, தங்கள் கட்டையை ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வைக்க வேண்டும். தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியவள் பவுனு. போட்டோக்காரர் சரியாக விழவில்லை என்று இரண்டாவது தடவையும் வைக்கச் சொன்னார். பீங்கான் கனம். இராஜமாணிக்கம் மைக்கைப் பிடித்தார்.

"இந்த மாணவியைப் பாருங்கள். மின்சாரமே இல்லாத ஒரு குடிசையிலிருந்து வந்து, நமக்கெல்லாம் மின்சாரத்தைச் சேமிக்கக் கற்றுக்கொடுத்தவள்! இதுவல்லவா தியாகம்!"

ஹால் இடிந்து விழுகிற மாதிரி கை தட்டினார்கள். விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்வரிசையில் பாலுவின் அப்பா சிவஞானம், செக்ஷன் ஆபீசர், மப்ளரை இறுக்கிக்கொண்டு தலையாட்டினார். பவுனுவுக்குக் காது சுட்டது. தாம்பாளத்தை அந்த மைக்கின்மேல் கவிழ்த்தால் என்ன என்று தோன்றியது. கவிழ்க்கவில்லை. கவிழ்த்தால் அதற்கும் கை தட்டுவார்கள்.

எல்லோரும் சமோசாவுக்குப் போனார்கள். இராஜமாணிக்கம் ஒரு சாவியை அவளிடம் நீட்டினார். "கட்டைகளையெல்லாம் மெயின் போர்டு ரூம் அலமாரியில் வைத்துவிட்டு, ரூமைப் பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து கொடும்மா. ஜல்தி. ராத்திரி எனக்கு மெட்ராசுக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸ்."

மாடிப்படிக்குக் கீழே அந்தச் சின்ன அறையில் சுண்ணாம்பும் எலிப்புழுக்கையும் மணத்தன. போர்டில் காலிக் குழிகள் பல் பிடுங்கிய வாய் மாதிரி இருந்தன. பவுனு தாம்பாளத்தைக் கீழே வைத்தாள். அலமாரியைத் திறந்தாள். முதல் கட்டையை எடுத்தாள். மேலே பெயிண்டில் 'ஆறு அ' என்று எழுதியிருந்தது.

அப்போதுதான் அது உறைத்தது. மேலே வகுப்புகளில் ஒரு சுவிட்சும் அணைந்திருக்காது. ஆகஸ்டிலிருந்து ஒருவனும் அணைக்கவில்லை. இவர்கள் மிச்சம் பிடித்தது பழக்கத்தால் இல்லை, இந்தப் பீங்கானால். வகுப்புகளையும் காலையிலேயே பூட்டியாயிற்று.

ஆறு அ-வைச் செருகினாள். எங்கோ மேலே ஒரு மின்விசிறி முனகிக்கொண்டு கிளம்பியது. ஆறு ஆ. ஏழு அ. கட்டடத்தின் வயிற்றுக்குள் உறுமல் ஏறிக்கொண்டே வந்தது. தாம்பாளத்தில் ஒரு மூலை உடைந்த கட்டை கிடந்தது. அதை லைப்ரரிக் குழியில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள்.

பிரின்சிபால் அறை, ஆசிரியர்கள் அறை, லேப். இந்த மூன்றிலும் ஹீட்டர் உண்டு. ஆள் இல்லாத அறையில் ஹீட்டர் எரிந்தால் கட்டடம் பற்றிக்கொள்ளும். அந்த மூன்று கட்டைகளை மட்டும் அவள் செருகவில்லை. கோபம் இருந்தது, கிறுக்கு இல்லை. இரண்டை அலமாரியில் வைத்தாள். பிரின்சிபால் அறைக் கட்டையைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள்.

அறையைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வெளியே நல்ல வெயில். வெயிலில் எரிகிற விளக்கு யார் கண்ணுக்கும் தெரியாது.

"சமோசா சாப்பிட்டியா?" என்றார் இராஜமாணிக்கம், சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு.

"பசிக்கல சார்."

இருட்டியதும் பள்ளிக்கூடம் எரிந்தது. மூன்று மாடியும், அந்த மூன்று அறை தவிர எல்லா ஜன்னலும். பனிமூட்டத்தில் அந்த வெளிச்சம் நாலாவைத் தாண்டி ஜுக்கிக் கூரைகள்மேல் வந்து விழுந்தது. ஜனங்கள் வெளியே வந்து பார்த்தார்கள். "என்னா, இஸ்கூல்ல கல்யாணமா?" என்றாள் சந்திரம்மாள். பவுனு பதில் சொல்லாமல் புத்தகத்தையும் சாக்கையும் பஞ்சுப் போர்வையான ரஜாயையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். லைப்ரரிக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகள் தாங்களாகவே பின்னால் வந்தார்கள்.

கேட்டில் சௌகிதார் பல்பீர் சிங் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றான். "யே கியா தமாஷா ஹை, பேட்டி?" என்ன கூத்து இது என்று கேட்டான்.

"பதா நஹீன், பையா," என்று தெரியாததுபோலச் சொன்னாள் பவுனு.

அவன் அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். கேட்டைத் திறந்துவிட்டான். இவ்வளவு வெளிச்சத்தைத் தனியாகக் காவல் காக்க அவனுக்கும் ஒரு மாதிரி இருந்திருக்கும்.

லைப்ரரி பூட்டியிருந்தது. ஆனால் வராந்தாவைப் பார்த்து நீளமான கண்ணாடி ஜன்னல்கள். வெளிச்சம் தரையில் பாய் விரித்தமாதிரி விழுந்துகிடந்தது. பிள்ளைகள் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். உள்ளே காலி மேஜைகளுக்கு மேல் மின்விசிறிகள் கிறுக்குப் பிடித்தமாதிரி சுற்றின. வெளியே பற்கள் தந்தியடித்தன. பவுனு ரஜாயைத் தலைவழியாகப் போர்த்திக்கொண்டு, விரல்களை அக்குளில் வைத்துச் சூடேற்றி, மறுபடி பென்சிலை எடுத்தாள்.

பாலு ஓடிவந்தான். பின்னால் குரங்குக் குல்லாயோடு அவன் அப்பா சிவஞானம். அவருக்கும் பின்னால் ஜலஜா.

"பவுனு! நீதானே? சொல்லு, நீதானே?"

"ஆமா."

அவள் இல்லை என்று சொல்வாள், பிறகு கத்தலாம் என்று பாலு வந்திருக்க வேண்டும். "பாகல் ஹோ கயீ கியா? பைத்தியமா உனக்கு? மீட்டர் எப்படி ஓடுது தெரியுமா? கோப்பை போச்சு! நாலு மாசமா நாம எல்லாரும் வேர்த்து விறுவிறுத்து..."

"நீ வேர்த்தே. வீட்டுக்குப் போய் பேன் போட்டுக்கிட்டே. எனக்கு எங்க பேன்?"

"சாவி எங்கே?"

"பிரின்சிபால் கோட்டுல. கோட்டு ரயில்ல."

பாலு பூட்டை உடைக்கலாம் என்றான். பல்பீர் சிங் கம்பை மாற்றிப் பிடித்துக்கொண்டு, பூட்டில் கை வைத்தால் தன் வேலை போய்விடும் என்றான். பாலு அப்பாவைப் பார்த்தான். சிவஞானம் போர்டு அறைக் கதவருகே போய்க் குனிந்து, அந்தச் சின்னப் பூட்டை மூக்குக் கண்ணாடி வழியாக நன்றாகப் பார்த்தார். கடைவீதியில் பிள்ளைகள் உண்டியலுக்கு வாங்குகிற மாதிரிப் பூட்டு.

"உடைக்க நமக்கு என்னடா அதாரிட்டி?" என்றார். "நாளைக்கு ஏதாவது காணோம்னா யாரைக் கேப்பான்? எழுத்து மூலமா ஆர்டர் வரட்டும். மேனேஜ்மெண்ட் செக்ரட்டரிக்கு நான் ஒரு நோட் போடறேன்."

"அப்பா, அதுக்குள்ள..."

"ப்ரொசீஜர்னு ஒண்ணு இருக்குடா."

பவுனுவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஒரு இரவில் அதுதான் அவளுக்குக் கிடைத்த இனிப்பு. லைப்ரரி விளக்கை அணைக்க இவர்களுக்கு ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது. இப்போது பள்ளிக்கூடமே எரிகிறது, ஒரு உண்டியல் பூட்டை உடைக்க ஆள் இல்லை.

செக்ரட்டரி பம்பாய்க்குப் போயிருந்தார். வைஸ் பிரின்சிபால், சாவி தன் பொறுப்பில் இல்லை என்றார். மின்சார ஆபீசுக்கு பாலு போன் செய்தான். விளக்கு எரியவில்லை என்றால் புகார் எடுப்போம், எரிகிறது என்றால் என்னவென்று எழுதுவது என்று கேட்டார்களாம். பிரின்சிபாலுக்குத் தந்தி அடிக்கலாம் என்றால் மெட்ராஸ் விலாசம் பூட்டிய ஆபீசுக்குள் இருந்தது. விடுமுறை முழுக்க விளக்குகள் எரிந்தன.

முதல் நாள் பாலுவும் அவன் அப்பாவும் போனபிறகும் ஜலஜா போகவில்லை. ஜன்னலோரம் வந்து நின்றாள்.

"நானும் உக்காரட்டா?"

"உனக்கு இங்க என்ன வேலை? உங்க வீட்ல லைட் இல்லியா?"

"பவுனு, ப்ளீஸ்டி. நான் செஞ்சது தப்புதான். அன்னிக்கி..."

"தள்ளு."

"என்ன?"

"வெளிச்சத்த மறைக்கிற. தள்ளு."

ஜலஜா தள்ளி நின்றாள். சற்று நேரத்தில் போய்விட்டாள். பவுனு நிமிர்ந்து பார்க்கவில்லை. இருபடிச் சமன்பாடு ஒன்று பாதியில் நின்றது. அவள் அதை முடித்துவிட்டுத்தான் மூக்கைச் சிந்தினாள்.

ஜனவரியில் பள்ளி திறந்த அன்று இராஜமாணிக்கம் அவளைக் கூப்பிட்டார். கோட்டுக்குமேல் சால்வை போர்த்தியிருந்தார். மேஜையில் ஷீல்டு. அவர் ஹீட்டரின் சுவிட்சைத் தட்டினார், மறுபடி தட்டினார். எரியவில்லை. விடுமுறை முழுக்க இருட்டாக இருந்த மூன்று அறைகளில் அதுவும் ஒன்று.

"என் ரூம் கட்டை எங்கே?"

"எங்கிட்ட இருக்கு சார்."

"கொடு."

"லைப்ரரியைத் திறங்க. தர்றேன்."

அவர் முகம் கறுத்தது. "யாரிடம் பேசுகிறாய் என்று தெரிகிறதா? உன்னை மேடையில் ஏற்றினேன். விருந்தினர் எதிரில் புகழ்ந்தேன்."

"வெளக்கு குடுக்கிறேன்னு வாக்குதான் சார் குடுத்தீங்க. மேடை நான் கேக்கல."

"கமிட்டிதானே ஓட்டுப் போட்டது! நானா மூடினேன்?"

"நீங்க குடுத்த வாக்க அவங்க எப்படி சார் ஓட்டுப் போட்டு எடுக்க முடியும்?"

அவள் இனி வகுப்புக்கு வரக்கூடாது என்றார். பரீட்சைக்குப் பெயர் ஏற்கனவே போய்விட்டது, அதைத் திரும்ப வாங்கினால் பள்ளிக்கூடத்துக்குத்தான் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், ஆகவே மார்ச்சில் வந்து ஹால் டிக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போகலாம். பெரிய மனசு பண்ணுகிறவர்போல அதையும் சொன்னார். கட்டை கடையில் கிடைக்கும், அவள் தயவு தேவையில்லை என்றார்.

"வாங்கிக்குங்க சார்," என்றாள் பவுனு.

அந்தக் கட்டையை வாங்க மூன்று கடையில் கொட்டேஷன் வாங்க வேண்டியிருந்தது என்றும், அதுவரை அவர் சால்வையோடு உட்கார்ந்திருந்தார் என்றும் பிறகு பல்பீர் சிங் சொன்னான். லைப்ரரி திறக்கவில்லை. இரண்டாம் சுற்றில் இவர்கள் கடைசி. தெருவில் அவளைப் பார்த்த கட்டைக்காரப் பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவளும் அவர்களிடம் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை.

சந்திரம்மாள் அடித்தாள். துடைப்பத்தால் இரண்டு, கையால் ஒன்று. பிறகு தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். "பன்னெண்டாம் நம்பருல சொல்லிடவா?"

"பரீட்ச முடியட்டும்."

"எந்த வெளக்குலடி படிப்ப? கிருஷ்ணாயிலுக்கு நான் எங்க போவேன்?"

மறுநாள் சாயங்காலம் குடிசை வாசலில் ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் இருந்தது. காகிதத்தைச் சுருட்டி வாயை அடைத்திருந்தது. நாலாப் பாலத்தின்மேல் ஜலஜாவின் சிவப்பு ஸ்வெட்டர் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. ரேஷன் கார்டில் விழுகிற கொஞ்சம் மண்ணெண்ணெய் குளியலறை மூலையில் சும்மா கிடக்கும் என்று பவுனுவுக்குத் தெரியும். வாரம் ஒரு பாட்டில் வந்தது. பவுனு எடுத்துக்கொண்டாள். காலிப் பாட்டிலைக் கழுவி வாசலில் வைத்தாள். பேசவில்லை. கோபம் கோபம்தான், மண்ணெண்ணெய் மண்ணெண்ணெய்தான். குடிசைக்குள் நாலாக் காற்று அடிக்கும்போது நோட்டுத் தாள்கள் பறக்காமல் பிரின்சிபால் அறைக் கட்டையை அவற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

மார்ச்சில் கணக்குப் பரீட்சை வேறொரு பள்ளிக்கூடத்தில். காலை பத்து மணி. ஜன்னலெல்லாம் திறந்திருந்தது, வெயில் மேஜைவரைக்கும் வந்திருந்தது. மேலே அத்தனை ட்யூப் லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. கண்காணிக்க வந்தவர் அவற்றுக்குக் கீழே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த பாலு மேலே பார்த்தான், சுவிட்சுப் பலகையைப் பார்த்தான், பவுனுவைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

பவுனு அண்ணாந்து ஒருமுறை அந்த விளக்குகளைப் பார்த்தாள். எரியட்டும். கேள்வித்தாளைத் திருப்பினாள். முதல் கேள்வி இருபடிச் சமன்பாடு. லைப்ரரி ஜன்னலடியில் விரல் விறைக்கப் போட்ட கணக்குதான், எண்கள் மட்டும் வேறு. பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.